அறுபது பாகைக்குக் கீழே

வெள்ளிக்கிழமை, மூன்றாம் பாடம்.
பொகவந்தலாவையில் மழை,
ஆய்வுகூடத் தகரம் அதிர்கிறது.
பொற்றாசியம் இருகுரோமேற்று பத்துக் கிராம்,
தராசுத் தட்டில் செம்மஞ்சள் மணிகளாக.
கையுறை போட்டுத்தான் தொடுவேன்.
ஆறில் இருக்கும் குரோமியம் கொடியது,
தோலைத் தின்னும், மூக்கின் நடுச்சுவரைத் தின்னும்.
மூன்றுக்கு இறங்கிவிட்டால் சாது.

நீரில் கரைத்து, அமிலம் வார்த்து,
பீலித் தண்ணீர் பிடித்த பேசினுக்குள்
முகவையை இருத்தினேன்.
ஐஸ் வாங்க இங்கே கடை இல்லை.
பீலிக்குப் பின்னால் மலை இருக்கிறது, போதும்.

பிறகு எதனோல், துளித் துளியாக.
ஒவ்வொரு மில்லிலீற்றருக்கும்
ஸ்டோக் புத்தகத்தில் கணக்கு உண்டு.
ரெஜினோல்ட் சேர் ஒப்பம் வைக்கும்போது
போத்தலைப் பார்ப்பார்,
என் முகத்தையும் ஒருதரம் பார்ப்பார்.
மருதவீரன் பெண்சாதி கையில்
மதுசாரச் சாவி.

மதுசாரம் இலத்திரன் கொடுக்கும்.
குரோமியம் வாங்கும், அணுவுக்கு மூன்று.
கொடுப்பது ஒட்சியேற்றம்,
வாங்குவது தாழ்த்தல்.
வாங்கினால் எப்படித் தாழும் என்று
வகுப்பில் யாரோ கேட்டார்கள்.
நான் கேட்கவில்லை.
பத்தாம் திகதிதோறும்
தோட்டத்து ஆபீஸ் யன்னலுக்கு முன்னால்
முதுகுகள் வளைவதைப் பார்த்தவள்.

முகவையிலிருந்து பச்சை அப்பிள் மணம்.
செம்மஞ்சள் கலங்கிக் கபிலமாகிறது.
வெப்பமானி நாற்பத்தெட்டு.
அறுபதைத் தாண்டக் கூடாது.
தாண்டினால் ஊதா வராது, பச்சைதான்.
பச்சை பளிங்காகாது,
பிசின்போல அடியில் கிடக்கும்.

அப்போது போன்.

நோர்வூட் சந்தியில் மறித்துவிட்டார்களாம்,
கொழுந்து லொறியோடு.
பலூன் ஊதச் சொன்னார்களாம்.
'என்ன நிறம்?' என்று கேட்டேன்.
'என்ன?'
'குழாய்க்குள்ளே இருக்கிற மணி. என்ன நிறம்?'
மழைச் சத்தம், சிங்களத்தில் யாரோ சிரிக்கிற சத்தம்.
'பச்சை' என்றார்.
'கோட்டைத் தாண்டிவிட்டதா?'
அதற்குப் பதில் இல்லை.

அதே உப்பு. அதே அமிலம்.
நேற்று இரவு உள்ளே போன மதுசாரம்
இன்று காலை மூச்சாக வந்து
மும்மூன்றாகக் கொடுத்திருக்கிறது.
என் முகவையில் நடந்தால் அது சம்பளம்,
அவர் குழாயில் நடந்தால் சம்பளமில்லை.
சமன்பாட்டை மனதுக்குள் எழுதிப் பார்த்தேன்.
இரண்டு பக்கமும் சரியாகத்தான் இருந்தது.

திரும்பினால் எழுபத்தொன்று.
பேச்சோடு பேச்சாகக்
கையிலிருந்த போத்தல் சாய்ந்திருக்கிறது.
முகவை நிறையப் பச்சை,
மழை நின்றதும் தெரிகிற மலைபோல,
பார்க்க அழகாக.

'ஊற்றிவிட்டு மறுபடி செய்யுங்கள்' என்றார் சேர்.
ஊற்றவில்லை.
குரோமியத்தைப் பீலி வழியே விட்டால்
கீழ் லயத்தில் அதைத்தான் குடிப்பார்கள்.
வடக்கு யன்னல் விளிம்பில்
வடிதாள் மூடி வைத்தேன்.
குளிரில் கிடந்தால்
பச்சை மெல்ல ஊதாவுக்குத் திரும்பும் என்று
பழைய செய்முறைக் கொப்பியில் ஒரு வரி.

ஆறு மூன்றாவது சில நிமிட வேலை.
மூன்றான பிறகு ஆறுவதற்குத்தான்
நாள் எடுக்கும்.

வீட்டில் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.
நான் எதுவும் கேட்கவில்லை.
கேட்டால் சூடேறும்.

மூன்றாம் கிழமை அற்றன் நீதிமன்றத்தில்
தண்டப்பணம் கட்டினோம்.
லைசன் ஆறு மாதம் அவர்களிடம்.
திரும்பும் பஸ்ஸில் அவருக்கு இருக்கை கிடைத்தது,
என்னை உட்காரச் சொன்னார்.
உட்கார்ந்தேன்.

திங்கட்கிழமை வடிதாளைத் தூக்கினேன்.
அடியில் கறுப்புக் கற்கள்,
கிள்ளி எடுக்கும் அளவில்.
ஒன்றை இடுக்கியால் பிடித்து
யன்னல் வெளிச்சத்தில் காட்டினால்
எட்டு முகமும் ஊதா.

ஸ்டோக் புத்தகத்தில் எழுதினேன்:
குரோம் படிகாரம்.
வர வேண்டியது முப்பத்துநான்கு கிராம்.
வந்தது நான்கு.
குறைவுக்குக் காரணம் என்ற பத்தியில்
'போன்' என்று எழுதி, வெட்டி,
'வெப்பம்' என்று எழுதினேன்.
சேர் ஒப்பம் வைத்தார்.
போத்தலைப் பார்க்கவில்லை.